பேஸ்பால் கார்டுப் பெட்டி வாங்கப் போகிறீர்களா? நான் கொடுத்த தண்டத்தை நீங்கள் கொடுக்க வேண்டாம்

போன வருடம் பேஸ்பால் கார்டுக்காக, அதாவது ஆட்டக்காரர்களின் படம் அச்சடித்த சேகரிப்பு அட்டைகளுக்காக, நான் செலவழித்தது 630 டாலர். அதில் 410 டாலர் சுத்தமாகத் தண்டம். மிச்சம் 220 டாலரில் எனக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது. யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்த 220-லேயே முடித்திருப்பேன்.

நான் 1987-இல் பத்து வயதில் நியூ ஜெர்சிக்கு வந்தவன். இங்கிலீஷ் தட்டுத்தடுமாறி வரும். பள்ளியில் மதியச் சாப்பாட்டு மேசையில் எனக்கு ஓர் இடம் வாங்கித் தந்தது கார்டுதான். அதற்கு முந்தைய வருடம் நியூயார்க் மெட்ஸ் அணி வேர்ல்ட் சீரிஸ் சாம்பியன் பட்டத்தை ஜெயித்திருந்ததால், கையில் அந்த அணிப் பந்து வீச்சாளர் டுவைட் கூடன் கார்டு ஒன்று இருந்தால் போதும், பையன்கள் தானாக வந்து பேசுவார்கள். 40 சென்ட் கொடுத்தால் டாப்ஸ் கம்பெனியின், மெழுகுத்தாள் சுற்றிய ஒரு பேக். உள்ளே 17 கார்டு, கூடவே ரோஸ் நிறத்தில் ஒரு பபிள் கம் பட்டை. அந்த வாசனைதான் 48 வயதில் என்னைக் கடைக்குத் திரும்ப இழுத்தது. உங்களையும் இழுத்தால், கீழே உள்ள வரிசையில் போங்கள்.

1. எதற்காக வாங்குகிறீர்கள் என்று ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள்

இதைச் செய்யாமல் கடைக்குள் நுழைந்ததுதான் என் முதல் தண்டம். "இப்போது சூடாகப் போவது இதுதான்" என்று கடைக்காரர் காட்டிய போமன் பெட்டியை 260 டாலருக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் பாதிக்கு மேல் யாரென்றே தெரியாத பையன்கள். தெரியாத ஊர்க் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. போமன் என்பதே இன்னும் மேஜர் லீக் என்ற உச்சநிலை லீக்குக்கு வராத இளைஞர்களை முன்கூட்டிப் பிடித்து வைப்பவர்களுக்கான சரக்கு. எனக்கு வேண்டியது அது இல்லை, அவ்வளவுதான்.

பழைய நினைவுக்காக என்றால் பழைய பெட்டி வாங்குங்கள். பிள்ளையோடு உட்கார்ந்து பிரிக்க என்றால் இந்த வருடப் பெட்டி. இரண்டையும் ஒரே பெட்டியில் எதிர்பார்த்தால் டாப்ஸ் ஹெரிட்டேஜ் என்று ஒன்று இருக்கிறது: இன்றைய ஆட்டக்காரர்களை 49 வருடத்துக்கு முந்தைய வடிவமைப்பில் அச்சடிப்பார்கள். 2025 ஹெரிட்டேஜ் பார்க்க 1976 கார்டு மாதிரியே இருக்கும்.

பணம் பண்ணலாம் என்ற எண்ணம் இருந்தால் இங்கேயே நின்று யோசியுங்கள். கிறிஸ்துமஸுக்குக் கிடைத்த பெட்டியிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துப் பையன் ஒருவன், பால் ஸ்கீன்ஸ் என்ற பந்து வீச்சாளரின் ஒரே ஒரு பிரதி உள்ள கார்டை எடுத்தான். அது 2025 மார்ச்சில் 11 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. செய்தி உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். பேக் உறையில் ஒரு வகைக் கார்டுக்கு 1:20,000 என்று போட்டிருந்தால், சராசரியாக 20,000 பேக்குக்கு ஒன்று. பெட்டிக்கு 20 பேக் என்றால் 1,000 பெட்டி. பெட்டி 100 டாலர் என்றால் ஒரு லட்சம் டாலர் செலவு. அதுவும் சராசரிதான், அத்தனையும் வாங்கினாலும் கையில் வரும் என்று உத்தரவாதம் இல்லை.

2. பெட்டி வகைகளும் விலையும்

புதிய பெட்டிகளில் குழப்பம் அதிகம். டாப்ஸின் முதன்மைத் தொகுப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். அட்டையில் வெறும் வருடமும் 'சீரிஸ் ஒன்' அல்லது 'சீரிஸ் டூ' என்றும் இருக்கும்.

ஹாபி பெட்டி என்பது கார்டுக் கடைகளுக்கு வருவது. 2025 சீரிஸ் ஒன்னில் 20 பேக், பேக்குக்கு 12 கார்டு. ஒரு கையெழுத்துக் கார்டு அல்லது ஜெர்சித் துணி ஒட்டிய ரெலிக் கார்டு நிச்சயம் உண்டு. விலை 100 டாலரைச் சுற்றி இருந்தது. நான் வரியோடு 120 கொடுத்தேன். ஜம்போ பெட்டி இதைவிடப் பெரியது, விலையும் அப்படியே. முதல் தடவைக்குத் தேவையில்லை.

பிளாஸ்டர் பெட்டி என்பது வால்மார்ட், டார்கெட் அலமாரியில் கிடைப்பது. 25 டாலர் அளவில் இருக்கும். கையெழுத்துக்கு உத்தரவாதம் இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது தாராளம். என் மகள் ஹாபி பெட்டியை விட பிளாஸ்டரைத்தான் ரசித்தாள். சீக்கிரம் முடிந்தது, அது ஒரு காரணம்.

ஒன்று நினைவிருக்கட்டும். 2025 சீரிஸ் ஒன் அடிப்படைத் தொகுப்பு 350 கார்டு. ஒரு ஹாபி பெட்டியில் வருவதே 240 தான், அதிலும் சிறப்புக் கார்டுகள் இடத்தைப் பிடிக்கும். ஒரு பெட்டியில் தொகுப்பு முழுசாகாது. முழுத் தொகுப்பு வேண்டும் என்றால் பிற்பாடு ஃபேக்டரி செட் என்று மொத்தமாக வரும், அதை வாங்குங்கள். பிரிக்கும் சுகம்தான் இருக்காது.

அலமாரியில் விலை குறைவாக வேறு கம்பெனிப் பெட்டிகளும் தென்படும். பனினி கார்டுகளில் ஆட்டக்காரர் இருப்பார், தொப்பியில் அணிச் சின்னம் இருக்காது. லீக்கின் உரிமம் 2010 முதல் டாப்ஸ் கையில் இருப்பதால் அப்படி. யாங்கீஸ் தொப்பியில் யாங்கீஸ் எழுத்து இல்லாததைப் பார்த்து என் மகள் "போலியா அப்பா?" என்றாள். போலி இல்லை, ஆனால் அந்தச் சின்னத்துக்காகத்தானே வாங்குகிறோம்.

3. பழைய பெட்டி என்றால்

1980-களின் பின்பாதி முதல் 90-களின் தொடக்கம் வரை வந்த கார்டுகளை இங்கே 'ஜங்க் வாக்ஸ்', அதாவது 'குப்பை மெழுகு' என்பார்கள். அவ்வளவு அச்சடித்துத் தள்ளினார்கள். அதனால்தான் பிரிக்காத பெட்டி இன்றும் மலிவு. என் வயதுக்காரர்களுக்கு இது பெரிய வரம். 1987 டாப்ஸ் பெட்டி, அந்த மரச்சட்டம் மாதிரி ஓரம் அச்சடித்த கார்டு, 36 பேக் உள்ளது, எனக்கு ஒரு கார்டு ஷோவில் 50 டாலருக்குக் கிடைத்தது. 1988 டான்ரஸ் போன்ற வேறு கம்பெனிப் பெட்டிகள் அதற்கும் பாதிக்கே கிடைக்கும். 1989 அப்பர் டெக் மட்டும் விதிவிலக்கு: கென் கிரிஃபி ஜூனியரின் ரூக்கி கார்டு, அதாவது அவர் புதுமுகமாக இருந்தபோது வந்த கார்டு, அதில் முதல் எண். அந்த ஒரு கார்டுக்காகப் பெட்டியே விலை ஏறி நிற்கிறது.

இங்கே பொறிகள் உண்டு. என் இரண்டாவது தண்டம் இதில்தான்: இணையத்தில் ஒருவரிடம் 1987 உதிரிப் பேக்குகளை மொத்தமாக 90 டாலருக்கு வாங்கினேன். ஒன்றில்கூட அந்த வருடத் தொகுப்பில் எல்லாரும் தேடும் பாரி பாண்ட்ஸ் இல்லை, மெக்வயர் இல்லை, போ ஜாக்சன் இல்லை. மடிப்பைப் பார்த்தால் மெழுகு இரண்டு தடவை உருகிய தடம். யாரோ பிரித்து, நல்லதை எடுத்துக்கொண்டு, சூடு காட்டி மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். ஆகவே:

உதிரிப் பேக் வாங்காதீர்கள், முழுப் பெட்டியாக வாங்குங்கள். உள்ளே கார்டு தெரிகிற கண்ணாடித்தாள் பேக்கில், மேலே நட்சத்திரம் தெரிந்தால் அதற்குத் தனி விலை போட்டிருப்பார்கள். மேலே யாரும் இல்லாததுதான் உங்களுக்கு வரும்.

பெட்டியைச் சுற்றிப் பிளாஸ்டிக் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். அந்தக் கால டாப்ஸ் மெழுகுப் பேக் பெட்டிகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் சுற்றாமல்தான் கடைக்கு வந்தன. பிற்பாடு யார் வேண்டுமானாலும் சுற்றியிருக்கலாம். விலை உயர்ந்த பெட்டி என்றால், பேஸ்பால் கார்டு எக்ஸ்சேஞ்ச் சோதித்துத் தன் முத்திரையோடு உறை போட்டதை மட்டும் வாங்குங்கள். கடைக்காரர்கள் அதை பி.பி.சி.இ. என்று சுருக்கிச் சொல்வார்கள். 50 டாலர் பெட்டிக்கு அந்த அளவுக்கு வேண்டாம். நேரில் பார்த்து, மடிப்புகள் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று கவனித்தால் போதும்.

பளபளப்பான கார்டுகளைத் தவிருங்கள். 1991 முதல் வந்த ஸ்டேடியம் கிளப் போன்றவை ஈரப்பதம் பட்ட இடத்தில் கிடந்தால் செங்கல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது முகமே உரிந்து வரும்.

மருந்துக் கடைகளிலும் பெரிய கடைகளிலும் 'மிஸ்டரி' பெட்டி என்று தொங்கும். அது வேறு யாரோ விற்காத பழைய பேக்குகளைத் திரட்டி மறுபடி பெட்டி போட்டது. கையை எடுத்துவிடுங்கள்.

4. எப்போது, எங்கே

முதன்மைத் தொகுப்பு ஒவ்வொரு வருடமும் மூன்று தவணையில் வரும்: சீரிஸ் ஒன் பிப்ரவரி, சீரிஸ் டூ ஜூன், அப்டேட் இலையுதிர் காலத்தில். முன்பதிவு விலையும் வெளிவந்த வாரத்து விலையும்தான் பொதுவாக உச்சம். முதன்மைத் தொகுப்புப் பெட்டிகள் பெரும்பாலும் சில வாரங்களில் கொஞ்சம் இறங்கும். யாராவது புது ஆட்டக்காரர் திடீரென்று வெளுத்து வாங்கினால் ஏறவும் செய்யும். நினைவுக்காக வாங்குபவருக்கு அவசரமே கிடையாது; பிப்ரவரிப் பெட்டியை மே மாதம் வாங்குங்கள்.

முதல் பெட்டியைப் பக்கத்திலுள்ள கார்டுக் கடையில் வாங்குவதே நல்லது. ஐந்து பத்து டாலர் கூட ஆகும். ஆனால் சீல் உடைந்திருந்தால் அங்கேயே மாற்றிக் கேட்கலாம், கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கும். மாநில விற்பனை வரியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரசீதை எடுத்து வையுங்கள், பிற்பாடு தேவைப்படும். இணையத்தில் வாங்கினால் கடனட்டையில் வாங்குங்கள். 'நண்பருக்கு அனுப்பும் பணம்' என்ற வழியில் அனுப்பச் சொல்பவரிடம் வாங்கவே வேண்டாம். ஏமாந்தால் அந்தப் பணம் திரும்பாது.

என் மூன்றாவது தண்டம் 'பிரேக்'. யாரோ ஒருவர் நேரலையில் பெட்டியைப் பிரிப்பார். நாம் முன்கூட்டியே ஓர் அணியைக் காசு கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும், அந்த அணிக் கார்டு வந்தால் நமக்கு. மெட்ஸுக்கு 60 டாலர் கட்டினேன். எனக்குத் தபாலில் வந்தது நாலு சாதாரணக் கார்டு. சீட்டாட்டத்துக்கும் இதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை, அதுவும் ராத்திரி பதினொன்றரைக்கு.

5. பிரிப்பதற்கு முன் வாங்கி வைக்க வேண்டியவை

பெட்டியை வாங்கிவிட்டு இதை மறந்துவிடுவார்கள். மெல்லிய பிளாஸ்டிக் உறை, 'பென்னி ஸ்லீவ்', 100. கெட்டியான 'டாப் லோடர்' 25. ரெலிக் கார்டு தடிமனாக இருக்கும், அதற்கு 130 பாயின்ட் (பாயின்ட் என்பது தடிமன் அளவு) டாப் லோடர் இரண்டு மூன்று. சாதாரணக் கார்டுக்கு 35 பாயின்ட். மிச்சக் கார்டு வைக்க ஒரு நீள அட்டைப்பெட்டி. சுவரில் பெயின்ட் அடிப்பவர்கள் ஒட்டும் நீலப் பட்டை ஒரு சுருள். எல்லாம் சேர்த்து எனக்கு 25 டாலர் ஆனது.

ரப்பர் பேண்ட் மட்டும் வேண்டாம். என்னிடம் 1989 கிரிஃபி ரூக்கி கார்டு உண்டு. கட்டின் மேலே, எல்லாருக்கும் தெரியும்படி, பெருமையாக வைத்து ரப்பர் பேண்ட் போட்டது நான்தான். இரண்டு ஓரத்திலும் வெட்டு விழுந்த மாதிரி தடம். முப்பத்தைந்து வருடம் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது ரப்பர் இற்றுப்போய் கார்டிலேயே ஒட்டிக் கிடந்தது.

6. பிரிக்கும் நாள்

கை கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். சிப்ஸ், காபி மேசையில் வேண்டாம். விலை உயர்ந்த பெட்டி என்றால் சீல் முழுசாகத் தெரியும்படி போனில் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். பேக் எண்ணிக்கை குறைந்தாலோ, உத்தரவாதம் சொன்ன கையெழுத்து வராவிட்டாலோ பேச உங்களிடம் அது ஒன்றுதான் ஆதாரம். உறைகளையும் உடனே குப்பையில் போடாதீர்கள். எந்தக் கார்டு எத்தனை பேக்குக்கு ஒன்று என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. விலை கொடுத்து வாங்காமலே தபால் மூலம் கேட்டுப் பெறும் வழியும் அதே பொடி எழுத்தில் இருக்கும். ஒரு ஸ்டாம்ப் செலவு, முயற்சி செய்து பார்க்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரிக்காதீர்கள். நான் 1987 பெட்டியை ஒரு மாதம் வைத்துக்கொண்டேன். ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் ஒரு பேக், சில நாள் இரண்டு. மெழுகுத்தாள் விடும்போது ஒரு சின்னச் சத்தம் வருமே, அது மாறவே இல்லை. மரச்சட்டத்துக்குள் ஆட்டக்காரர்கள் எல்லாரும் இப்போது என் மகன் வயதுக்காரர்களாகத் தெரிகிறார்கள். அன்றைக்கு அண்ணன்மாராகத் தெரிந்தார்கள். வாசனை பாதி இருந்தது. கம் பட்டை வாயில் போட்டதும் சுண்ணாம்புத் தூளாகிவிட்டது. ஆமாம், போட்டேன். நீங்கள் போடாதீர்கள், கிட்டத்தட்ட நாற்பது வருடப் பழசு. டாப்ஸ் 1992 முதல் பேக்கில் கம் வைப்பதையே விட்டுவிட்டது, அதற்குக் கார்டில் பட்ட கறையும் ஒரு காரணம். உங்கள் பெட்டியிலும் பேக்குக்கு ஒரு கார்டு கம் கறையோடு வரும், அது போகாது. மெழுகுத் தடம் மட்டும் என்றால் பழைய நைலான் ஸ்டாக்கிங்கால் மெதுவாகத் தேய்த்தால் போகும்.

7. முதல் ஒரு மணி நேரத்தில் பிரித்து வைப்பது

புதிய பெட்டியில் நல்ல கார்டைக் குப்பையோடு சேர்த்துவிடுவது எளிது. எதைத் தேடுவது?

முன்பக்கத்தில் 'ஆர்.சி.' முத்திரை இருந்தால் ரூக்கி கார்டு. 2006 முதல் இந்த முத்திரை உண்டு. பின்பக்கமோ முன்பக்கமோ 45/99 மாதிரி எண் குத்தியிருந்தால், மொத்தம் 99 அடித்ததில் இது 45-ஆவது என்று பொருள். ஓரத்தின் நிறம் மற்ற கார்டிலிருந்து வேறாக இருந்தால் பேரலல், அதாவது அதே கார்டின் வேறு நிற வகை. இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு: அதே எண், அதே ஆட்டக்காரர், படம் மட்டும் வேறு. இதை 'ஷார்ட் பிரின்ட்' என்பார்கள். பின்பக்கம் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். சாதாரணக் கார்டுகளில் அதன் கடைசி எண்கள் ஒன்றாக இருக்கும். ஏதாவது ஒன்றில் மாறியிருந்தால் எடுத்துத் தனியே வையுங்கள். பூதக்கண்ணாடி தேவைப்படும். எனக்குத் தேவைப்பட்டது.

நல்ல கார்டு முதலில் ஸ்லீவுக்குள், பிறகுதான் டாப் லோடருக்குள். நேரடியாக டாப் லோடரில் போட்டால் கீறல் விழும். ஸ்லீவின் வாயில் ஒரு ஓரத்தில் கத்தரிக்கோலால் சின்னதாக வெட்டிவிட்டால் கார்டு முனை மடங்காமல் இறங்கும். டாப் லோடர் வாயை நீலப் பட்டையால் மூடுங்கள்; செல்லோ டேப் பசை விடும். வீட்டு பேஸ்மென்டில் வைக்காதீர்கள், ஈரம். கையெழுத்துக் கார்டை ஜன்னலோரம் வைத்தால் மை வெளுத்துவிடும்.

8. 'ரிடெம்ப்ஷன்' சீட்டு வந்தால்

கையெழுத்துக் கார்டுக்குப் பதில் சில சமயம் ஒரு சீட்டு வரும். ஆட்டக்காரர் இன்னும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை என்று அர்த்தம். சுரண்டினால் ஒரு குறியீடு தெரியும். டாப்ஸ் தளத்தில் கணக்குத் திறந்து பதிய வேண்டும். சீட்டின் பின்னால் கடைசித் தேதி இருக்கும். பழைய பெட்டியிலிருந்து வந்த சீட்டு என்றால் அந்தத் தேதி தாண்டியிருக்கலாம், வாங்கும்போதே இதை யோசியுங்கள். பதிந்த உடனே சீட்டின் இரு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். காத்திருப்பு மாதக் கணக்கில் போகும். நம்மவர்கள் வேலைக்காக வீடு மாறிக்கொண்டே இருப்போம். முகவரி மாற்ற மறந்தால் உங்கள் கார்டு வேறு யார் வீட்டுத் தபால் பெட்டிக்கோ போகும்.

9. விலை பார்ப்பதும் கிரேடிங்கும்

ஈபேயில் என்ன விலை கேட்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். 'விற்றவை' என்ற வடிகட்டியைப் போட்டு, உண்மையில் எவ்வளவுக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். 500 டாலர் கேட்கும் கார்டு 12 டாலருக்குப் போயிருக்கும்.

பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி., பெக்கெட் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்பினால் 1 முதல் 10 வரை தரம் போட்டு, பிளாஸ்டிக்கில் அடைத்துத் தருவார்கள். கட்டணம், போக வரத் தபால், காப்பீடு எல்லாம் சேர்த்தால் ஒரு கார்டுக்கு 30 டாலருக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 வாங்கிய கார்டின் விலையைப் பார்த்து ஆசைப்படுவார்கள்; நீங்கள் பார்க்க வேண்டியது 9 வாங்கியதன் விலை. அது, வெறும் கார்டின் விலையோடு இந்தச் செலவையும் கூட்டியதைவிடக் குறைவு என்றால் அனுப்பாதீர்கள். பெட்டியிலிருந்து நேரே எடுத்த கார்டுதானே, 10 வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அச்சு நடுவில் இல்லாமல் ஒருபக்கம் தள்ளி இருப்பது தொழிற்சாலையிலேயே நடப்பது. 1987 கார்டில் அது சர்வ சாதாரணம்.

விற்றால் ஈபே கட்டணமாக ஏறக்குறைய 13 சதவீதம் போகும். 20 டாலர் வரையிலான கார்டுக்கு மலிவான உறைத் தபால் உண்டு, அதைத் தேர்ந்தெடுங்கள். லாபத்துக்கு வரி உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், சேகரிப்புப் பொருள் என்ற வகையில் மத்திய வரி 28 சதவீதம் வரை போகலாம். எடுத்து வைக்கச் சொன்னேனே ரசீது, அது இதற்குத்தான்.

10. மிச்சம்

ஒரு பெட்டிக்கு 200 கார்டாவது யாருக்கும் வேண்டாததாக மிஞ்சும். விற்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள், தபால் செலவுக்குக்கூடக் காணாது. எங்கள் தெருவில் சிலர் ஹாலோவீன் அன்று மிட்டாயோடு கார்டும் கொடுப்பார்கள். நானும் பத்துப் பத்தாக ஸ்லீவில் போட்டு வாசலில் வைத்தேன். பெரிய பிள்ளைகள் தொடவில்லை. ஆறு வயதிருக்கும், சிலந்தி மனிதன் உடுப்பில் வந்த ஒருவன் மட்டும் மிட்டாயை விட்டுவிட்டு, படிக்கட்டிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் அம்மா இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தான்.